பெருமைக்கு என்ன விலை?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மனிதன் தன் உடைமையைப் பார்த்து மகிழ்கிறான். பிறர் அதை நின்று பார்ப்பதைக் கண்டால் இன்னும் அதிகமாக மகிழ்கிறான். இதில் யாருக்கேனும் ஐயம் இருந்தால் காலை வேளையில் நம் கல்லூரியின் வண்டி நிறுத்துமிடத்திற்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். சென்ற பருவத்தில் ஒரு நாள் அங்கே ஒரு புல்லட் வந்து நின்றது. அதைச் செய்த தொழிற்சாலைக்காரர்களே வந்தாலும் தங்கள் பிள்ளை என்று அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள். முன்சக்கரம் நீண்டு எங்கேயோ போயிருந்தது. பின்சக்கரம் காருக்குரியது போல் அகன்றிருந்தது. மட்கார்டு பாதிதான் இருந்தது. சைலன்சர் பெயரளவுக்குத்தான். முதல் மணி அடித்த பின்பும் முப்பது பேர் அதைச் சுற்றி நின்றார்கள். நானும் நின்றேன். ஒளிப்பானேன்?

அப்போது பக்கத்தில் நின்ற என் வகுப்பு நண்பன் தன் திட்டத்தைச் சொன்னான். தவணையில் ஒரு புதிய 350 சி.சி. வண்டி, வாங்கிய ஆறு மாதத்தில் இன்னும் ஓர் 80 ஆயிரம் செலவழித்து அதை இதைப் போலவே மாற்றியமைப்பது. அவன் தந்தை விசைத்தறி ஓட்டுபவர். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து அவருடையது. "எண்பதாயிரமாடா?" என்றேன். "அது செலவு இல்லடா, முதலீடு. விக்கறப்ப ரெட்டிப்பாத் திரும்பி வரும்" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரை. செலவு என்று சொல்லியிருந்தால் நான் பேசாமல் வகுப்புக்குப் போயிருப்பேன்.

இதை எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். எனக்கு மோட்டார் சைக்கிள் கிடையாது, டவுன் பஸ்தான். ஆனால் மாற்றியமைத்த ஒரு வண்டி பிறந்ததையும் வாழ்ந்ததையும் விலைபோனதையும் உடனிருந்து பார்த்தவன் நான். வண்டி என் தாய்மாமாவுடையது. அதற்கு வண்ணம் தீட்டியவர் என் அப்பா.

மாமா லாரி ஓட்டுநர். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் நாக்பூர், இந்தூர் என்று போய்விட்டுப் பதினைந்து நாள் கழித்துத் திரும்புவார். இருபது ஆண்டுகளாக அவர் ஓட்டிய லாரிகளின் நெற்றியில் முதலாளியின் குலதெய்வம் பெயர் இருக்கும். கதவில் முதலாளியின் பெயர் இருக்கும். பின்னால் முதலாளியின் குழந்தைகள் பெயர் இருக்கும். ஓட்டுகிறவனின் பெயர் லைசென்ஸில் மட்டும்தான். அப்படிப்பட்டவர் 2016-ஆம் ஆண்டில் 55 ஆயிரம் ரூபாய் கொடுத்து 1989-ஆம் ஆண்டு புல்லட் ஒன்றை வாங்கினார். வார்ப்பிரும்பு எஞ்சின், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அடுத்த இரண்டு ஆண்டுகளில் டிரிப் முடிந்து வரும்போதெல்லாம் கையில் இருந்ததை அதில் போட்டார். நீட்டிய முன்ஃபோர்க், மார்புக்கு மேலே உயர்ந்த ஹேண்டில்பார், அகன்ற பின் டயர், அதற்கேற்ற சக்கரம், ஒற்றைச் சீட்டு, கண்ணீர்த்துளி வடிவத்தில் வேறு டாங்க்கு. எல்லாமாக 90 ஆயிரம் ஆயிற்று.

டாங்க்கு வேலை அப்பாவிடம் வந்தது. அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். நான்கு மாலைகள் உட்கார்ந்தார். அரக்கு நிறத்தின் மேல் பொன்னிறத்தில் இரட்டைக் கோடு. அணில் முடித் தூரிகையை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, இழுக்கத் தொடங்கினால் முடிகிற வரை கை நிற்காது. கோட்டின் முனையில் மாமாவின் இரு பெண்களின் முதலெழுத்துகள். கூலி வாங்கவில்லை, "மச்சானுக்கு நான் கடன்பட்டுட்டேன்" என்று மாமா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

கழற்றிய பழைய சாமான்களைப் பழைய இரும்புக்காரரிடம் போட மாமா புறப்பட்டபோது தடுத்தவர் அம்மாயி. "தூக்கிப் போடாதடா, எதுக்காச்சும் ஆகும்" என்று டாங்க்கு, ஹேண்டில்பார், மட்கார்டு, சைலன்சர் எல்லாவற்றையும் இரண்டு கோணிகளில் கட்டிப் பரண்மேல் ஏற்றச் செய்தார். இந்தக் கோணிகளை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வண்டியில் மாமா போனால் ஊரே திரும்பிப் பார்த்தது என்பது உண்மை. டீக்கடையில் நிறுத்தினால் யாராவது வந்து, "இது யாரு வண்டிங்க?" என்பார்கள். "என்னுதுங்க" என்பார் மாமா. அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்ததை நான் எந்தக் காலத்திலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருமுறை கொல்லிமலைக்கு அதில் ஏறினோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முன்ஃபோர்க்கை நீட்டினால் இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் கூடும். தூரம் கூடினால் திரும்புவதற்கு வேண்டிய வட்டமும் பெரிதாகும். இதைப் பின்னாளில் இயந்திரவியல் பாடத்தில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மாமா இரண்டு காலையும் தரையில் ஊன்ற, நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ள, எதிரே வந்த பேருந்து ஓட்டுநர் கைகட்டிக் காத்திருந்தார்.

நிற்க. இப்படி வண்டியை வெட்டியும் நீட்டியும் ஓட்டும் வழக்கம் நம் ஊரில் பிறந்ததன்று. அமெரிக்க நாட்டில் தேவையற்ற பாகங்களை வெட்டி எறிந்துவிட்டு ஓட்டப்பட்ட வண்டிகளுக்கு வெட்டப்பட்டது என்ற பொருளிலேயே 'சாப்பர்' என்று பெயர் வந்தது. 1969-இல் வெளிவந்த 'ஈஸி ரைடர்' என்ற திரைப்படம் அந்த உருவத்தை உலகெங்கும் கொண்டுபோயிற்று. அப்படத்தின் வண்டிகளை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்ட பென் ஹார்டி, கிளிஃப் வாஸ் என்ற இரு கறுப்பினக் கலைஞர்களின் பெயர் நெடுங்காலம் பலருக்குத் தெரியாமலே இருந்தது. படத்தில் ஓடிய வண்டி என்று சொல்லப்பட்ட ஒன்று 2014-இல் 13 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஏலம் கேட்கப்பட்டது. உடனே, இது அசல்தானா, பின்னால் கட்டியதா என்ற சச்சரவும் எழுந்தது. பாருங்கள்! உலகிலேயே புகழ்பெற்ற மாற்றியமைத்த வண்டிக்கும் இறுதியில் கேட்கப்படும் கேள்வி 'அசல்தானா' என்பதே.

அந்த நாட்டில் 2000-க்குப் பின் சில ஆண்டுகள் இத்தகைய வண்டிகளுக்குப் பெரும் மோகம் இருந்தது. தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சிகளே வந்தன. கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் 1994-இல் தொடங்கிய 'பிக் டாக்' போன்ற நிறுவனங்கள், வாங்குபவர் விருப்பத்திற்கேற்ற வண்டிகளைக் கட்டி விற்றன. ஒரு நல்ல காரின் விலை. கடனும் எளிதாகக் கிடைத்தது. 2008-இல் பொருளாதாரம் சரிந்தது. முதலில் விற்பனைக்கு வந்தவை எவை? வீட்டில் இன்றியமையாதவை அல்லாதவைதாமே! டெக்சாஸ் மாநிலத்து 'அமெரிக்கன் அயர்ன்ஹார்ஸ்' 2008-இலேயே திவாலாயிற்று. பிக் டாக் 2011-இல் கதவடைத்தது. செய்தவனே இல்லையென்றால் உதிரிபாகம் யாரிடம் கேட்பது? அந்த வண்டிகளின் மறுவிலை விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே நாட்டில் 1903-இல் தொடங்கிய ஹார்லி டேவிட்சன் வண்டிக்கு 1990-களில் முன்பதிவு செய்து காத்திருந்தார்கள். காத்திருக்க மனமில்லாதவர்கள் பழைய வண்டியைப் புதியதன் விலைக்கு மேலும் கொடுத்து வாங்கிய காலம் அது. மறுவிலையைத் தூக்கி நிறுத்தியது வண்டியின் அழகு மட்டுமன்று. கேட்டவர் எண்ணிக்கையைவிட வந்த வண்டி குறைவு, பழுதானால் பார்க்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு. நம் நாட்டில் இதே ஹார்லி 2010-இல் விற்பனையைத் தொடங்கி, 2020 செப்டம்பரில் விலகுவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஹீரோ நிறுவனம் விற்பனையையும் பழுதுபார்ப்பையும் ஏற்றுக்கொள்ள முன்வந்தது. அந்த இடைப்பட்ட நாட்களில் ஹார்லி வைத்திருந்தவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. பெருமை நேற்றிருந்த அளவே இருந்திருக்கும். விலைதான் அந்தரத்தில் தொங்கியிருக்கும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கலாம். ஒவ்வொரு மாற்றத்திற்கும் என்பதைக் கவனிக்க. மாமாவின் வண்டியில் எத்தனை மாற்றங்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு கை போதவில்லை.

ஆனால் 1989-ஆம் ஆண்டு வண்டி அல்லவா? பதினைந்து ஆண்டு முடிந்தபின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2019-இல் அந்தத் தவணை வந்தது. கோணிகள் பரணிலிருந்து இறங்கின. மெக்கானிக் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பழைய சாமான்களை மாட்டினார். வண்டியைக் காட்டிப் புதுப்பித்து வந்த மறுநாளே அவற்றைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினார். இரண்டு நாள் கூலி 3,000 ரூபாய். இது தவறுதான், எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நாள் வண்டி தன் சொந்த உருவில் வாசலில் நின்றதை அம்மாயி பார்த்துவிட்டு, "இதுக்கென்னடா குறைச்சல்?" என்று கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை.

2023-இல் மாமாவின் மூத்த பெண் நர்சிங் படிப்பில் சேர்ந்தாள். கட்டணத்திற்காக வண்டியை விற்பது என்று முடிவாயிற்று. காகிதங்களைப் படித்துச் சொல்ல என்னை உடன் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் பிளஸ் டூ வரை எட்டியவன் அன்று நான் ஒருவன்தான்.

முதலில் சேலத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். ஏறி உட்கார்ந்தார், தன்னையும் படம் எடுக்கச் சொன்னார். பிறகு, "பார்க்க நல்லா இருக்குதுங்ணா. ஆனா இந்த ஹேண்டில் எனக்கு ஒத்து வராதுங்க" என்று போய்விட்டார். அடுத்து வந்த தரகர் வண்டியைவிட மாமாவின் முகத்தையே அதிகம் பார்த்தார். அவசரத்தின் அளவை எடை போட்டுவிட்டு 40 ஆயிரம் என்றார்.

மூன்றாவதாக வந்தவர் ராசிபுரம் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். பழைய புல்லட்டுகளை வாங்கிச் சீர்செய்து ஓட்டுபவர். அவர் டாங்க்கைப் பார்க்கவே இல்லை. குனிந்து எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். சேஸிஸைக் கையால் தடவிக்கொண்டே போனார். "சேஸிஸ்ல வெல்டிங் வெக்காம உட்டீங்களே, அதுக்கே உங்களைக் கும்புடோணுங்க" என்றார். 48 ஆயிரத்துக்குக் கேட்டார். மாமா தலை குனிந்திருந்தார். பிறகு அவர் போகிற போக்கில் கேட்டார்: "பழைய சாமானெல்லாம் வெச்சிருக்கறீங்களா, போட்டுட்டீங்களா?"

நான் பரணில் ஏறினேன். அம்மாயி கோணிகளை அவிழ்த்தார். அந்த மனிதர் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் தரையில் வரிசையாக வைத்தார். பழைய டாங்க்கைத் தூக்கி உள்ளே துரு இருக்கிறதா என்று மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தார். கடைசியில் 80 ஆயிரத்துக்கு முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். வாங்கியது 55 ஆயிரம், மாற்றியது 90 ஆயிரம், ஆக 1 லட்சத்து 45 ஆயிரம். கிடைத்தது 80 ஆயிரம். அதிலும் இரண்டு கோணிப் பழைய இரும்புக்கு மட்டும் 32 ஆயிரம்! தொண்ணூறாயிரம் ரூபாய்ப் புதுமைக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. கைபடாத 1988-ஆம் ஆண்டு வண்டி ஒன்றை அந்த மாதம்தான் 1 லட்சத்து 15 ஆயிரத்துக்கு வாங்கியதாகவும் அவர் சொன்னார். அப்பா கோடிழுத்த டாங்க்கைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு, "இது எனக்கு வேண்டாங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அப்பா அப்போது அங்கேதான் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு 1955-இல் நம் சென்னைத் திருவொற்றியூருக்கு வந்தது. தாய் நிறுவனம் 1970 அளவில் மறைந்துவிட, பிள்ளை மட்டும் இங்கே வளர்ந்தது. அந்தத் தொழிற்சாலையில் டாங்க்கின் மேல் பொன்னிறக் கோட்டை இயந்திரம் இழுப்பதில்லை; ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் கையால் இழுத்து வந்தார்கள் என்று நிறுவனமே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அதுவும் தூரிகைதான், அதுவும் அடக்கிய மூச்சுதான். அந்தக் கோடு இருந்தால் விலை கூடுகிறது. என் அப்பாவின் கோடு இருந்தால் விலை குறைகிறது. இது என்ன நியாயம்?

அப்பாவிடமே ஒருநாள் கேட்டேன். அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. "நான் லாரிக்குப் போடற கோட்டுக்கு யாராச்சும் காசு கொறைக்கறாங்களா? லாரி மூட்டைக்குக் கட்டறது. இன்னைக்கு இவன் மூட்டை, நாளைக்கு அவன் மூட்டை. உங்க மாமன் வண்டி உங்க மாமனுக்குக் கட்டுனது" என்றார்.

இயற்பியல் படித்த எனக்குத் தோன்றாத விடை அது! நாமக்கல்லுக்கு லாரி வெறும் சேஸிஸாக வருகிறது. இங்கேதான் அதற்கு உடல் கட்டுகிறார்கள். கட்டிய பிறகுதான் நிரந்தரப் பதிவு ஆகிறது. ஆகவே அந்த உடல் சட்டத்தின் கண்ணிலும் வண்டியின் பகுதியே. அடுத்து வாங்குபவனுக்கும் ஏற்ற வேண்டியது அதே பாரம்தான். நல்ல பட்டறையில் கட்டிய பாடி என்றால் பழைய லாரிக்கும் கூடுதல் விலை கிடைக்கிறது. மோட்டார் சைக்கிளோ பதிவான பின்பு ஒருவன் கையின் நீளத்திற்கும், ஒருவன் கண்ணின் ஆசைக்கும் மாற்றப்படுகிறது. அடுத்தவன் கை நீளம் வேறு, கண் வேறு. சேலத்து இளைஞர் படம் எடுத்துக்கொண்டு போனதன் பொருள் இதுதான். பார்ப்பதற்கு எல்லாருக்கும் பிடித்தது. வாங்குவதற்கு யாருக்கும் பொருந்தவில்லை.

பழைய வண்டிகளின் சந்தையில் எது விலைபோகிறது என்று பாருங்கள். யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டி 1985-இல் வந்து 1996-இல் நின்றது. 98 சி.சி., இரு ஸ்ட்ரோக் எஞ்சின். இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேலும் கேட்கிறார்கள். அதற்கு யாரும் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. செய்யாமல் விட்டதற்குத்தான் விலை. மைசூரில் செய்யப்பட்டு 1996-இல் நின்றுபோன எஸ்டி வண்டிகளுக்கும் இதே கதைதான். அரசாங்கமும் 2021-இல் ஐம்பது ஆண்டு கடந்த பழம்பெரும் வண்டிகளுக்கென்று 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. அதற்கும் நிபந்தனை, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவை பெரிய மாற்றமின்றி மூல உருவில் இருக்க வேண்டும் என்பதே.

என் நண்பனுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அது பழைய வண்டி, என்னுது புதுசு" என்றான். சரி, புதிய வண்டியின் கணக்கையே போடுவோம். விலை 2 லட்சம் என்று கொள்வோம். காப்பீட்டில் வண்டியின் மதிப்பைக் கணக்கிட நம் நாட்டில் ஓர் அட்டவணை உண்டு. இரண்டு முதல் மூன்று ஆண்டு ஆன வண்டிக்கு 30 சதவீதம் கழிவு. நான்கு முதல் ஐந்து ஆண்டுக்கு 50 சதவீதம். ஆக மூன்றாம் ஆண்டில் 1 லட்சத்து 40 ஆயிரம். ஐந்தாம் ஆண்டில் 1 லட்சம். இதில் அவன் போடப் போகும் 80 ஆயிரம் எங்கே? அறிவித்துத் தனியே பிரீமியம் கட்டினாலன்றி அது கணக்கிலேயே வராது. சட்டம் ஏற்காத மாற்றத்தை அறிவிப்பது எப்படி? அறிவிக்காமல் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டில் தகராறு. இது போதாதென்று புதிய வண்டியின் விலையும் நிலையாக நிற்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆயிற்று. புதியது மலிந்தால் பழையதை யார் பழைய விலைக்கு வாங்குவார்கள்? முந்தின வாரம் 350-ஐ வாங்கியவர் ஒரு கையெழுத்தும் போடாமலே நட்டப்பட்டார். இத்தனைக்கும் நடுவே தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். விசைத்தறி ஓடினாலும் வரும், மின்சாரம் நின்றாலும் வரும்.

இப்படி எழுதுவதால் நான் பெருமைக்கே எதிரி என்று எண்ண வேண்டாம். ஏழைக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று உபதேசம் செய்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் வாசலில் பெரும்பாலும் கார் நிற்கும். பதினைந்து நாள் பிறர் வண்டியை ஓட்டிவிட்டு வந்தவன் பதினாறாம் நாள் "என்னுதுங்க" என்று சொல்ல ஆசைப்படுவது ஆடம்பரமன்று. கலியாணத்தில் விருந்து போடுகிறோம். இலையை எடுத்த பிறகு அந்தப் பணம் எங்கே என்று யாரும் தேடுவதில்லை. மாமா போட்ட 90 ஆயிரமும் அப்படிப்பட்ட விருந்துதான். கைக்காசைப் போட்டார், கடன் வாங்கவில்லை. ஐந்து ஆண்டு அனுபவித்தார். ஆனால் விருந்துக்குக் கடன் வாங்கிவிட்டு, இலையை விற்றுக் கடனை அடைப்பேன் என்று ஒருவன் சொன்னால்? என் நண்பன் சொல்வது அதுதான். அவன் தந்தை கையெழுத்துப் போடப் போவதும் அதற்குத்தான்.

மாற்றியே தீருவேன் என்பவனிடம் நான் சொல்வது மிகக் கொஞ்சம். சேஸிஸில் வெல்டிங் வைக்காதே. கழற்றியதை ஒரு திருகாணி விடாமல் கோணியில் கட்டிப் பரணில் போடு. சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யக் கூடியவை இருக்கின்றனவா என்று முதலில் பார். வண்டி செய்யும் நிறுவனங்களே இப்போது சீட்டு, கண்ணாடி, பெட்டி என்று தம் வண்டிக்கேற்ற துணைப் பொருள்களை விற்கின்றன. அப்பா கையெழுத்துப் போடும் முன், போடுகிற காசு திரும்பி வராது என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல். அதைக் கேட்ட பிறகும் அவர் போட்டால், அது அவர் பிள்ளைக்குத் தருகிற விருந்து; அதில் தலையிட நான் யார்?

நண்பன் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் "பாக்கலாம்டா" என்கிறான்.

அப்பாவின் டாங்க்கு எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆயுத பூஜை அன்று தூரிகைகளோடு அதையும் துடைத்துப் பொட்டு வைக்கிறார். மாமா இப்போது 100 சி.சி. வண்டி ஒன்று வைத்திருக்கிறார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எல்லாரிடமும் சொல்கிறார். போன மாதம் அதன் ஹேண்டில்பாரை மட்டும் மாற்றிவிட்டு வந்து நின்றார். அம்மாயி ஒன்றும் கேட்கவில்லை. கோணியை எடுக்க உள்ளே போனார்.